பரிந்துரை என்ற கட்டம்

ஹீயுமா தீவின் ஊராட்சி அனுப்பிய படிவத்தில்
நான்கு கேள்வி, ஒரு கட்டம்.
"எந்த வலையமைப்பு சிறந்தது? ஒரே வரியில் எழுதவும்."
கையெழுத்து: கௌபோ, தலைவர்.

ஒரே வரி என்றால், கௌபோ,
அந்த ஒற்றைக் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.
தொண்ணூற்றேழு. பள்ளியின் கணினி அறை.
சுவரோரம் ஓடிய ஒரே கேபிளில்
கொடியில் தொங்கும் காலுறைகள் போல
ஒன்பது கணினிகள்.
மலிவு. அரை நாள் வேலை.
ஒருவர் பேசினால் ஒன்பது பேருக்கும் கேட்கும்.
இருவர் ஒருசேர வாய் திறந்தால்
இருவருமே நிறுத்தி
ஆளுக்கொரு கணம் சும்மா இருந்து
மறுபடி முயல்வார்கள்
(நம் கூட்டங்களில் இந்த வழக்கம் இல்லை).
கம்பியின் கடைசியில்
சுண்டுவிரல் நுனியளவு ஒரு மூடி.
ஒரு செவ்வாய்க்கிழமை
யாரோ ஒரு பையன் அதைக் கழற்றிக்கொண்டு போனான்.
கம்பி அறுபடவில்லை. ஆனாலும் அறை முழுக்க ஊமை.
முனை திறந்திருந்தால்
சொன்ன சொல் போய் முட்டித் திரும்பி
அடுத்த சொல்லின் மேல் விழும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று,
மேசைகளுக்கடியில், தவழ்ந்து.

மீன் தொழிற்சாலைக்கு நட்சத்திரம் போட்டேன்.
நடுவில் ஒரு ஸ்விட்ச், சுற்றிலும் இருபத்துநான்கு கால்.
ஒரு கால் ஒடிந்தால் அது மட்டும் நொண்டும்,
எது என்று விளக்கே காட்டிக்கொடுக்கும்.
இதைவிட ஒழுங்கான பிள்ளை இல்லை என்றிருந்தேன்,
மைமு தன் வாஃபிள் கல்லைச் சொருக
ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கும் வரை.
இருபத்துநான்கும் ஒரே மூச்சில் போயின.
வாஃபிள் நன்றாக இருந்தது.
நான் நான்கு தின்றேன்.

சௌனாவில் பீர்க் குவளை சுற்றி வருமே,
குவளை யார் கையிலோ அவர் பேசலாம்,
மற்றவர் வியர்க்கலாம்.
பழைய வளையங்கள் அப்படித்தான்.
மோதல் கிடையாது, காத்திருப்பு உண்டு.
தீவைப் பெருநிலத்தோடு கட்டும் வளையத்தில் குவளை இல்லை,
இரண்டு வழி உண்டு.
ஜனவரியில் வடக்கே ஒரு நங்கூரம் இழையைக் கிழித்தபோது
எல்லாம் தெற்கே திரும்பி ஓடியது.
ஒருவருக்கும் தெரியவில்லை.
அதன் கெட்டிக்காரத்தனம் அது,
கெடுதலும் அதுவே.
விடிகாலை மூன்று பத்துக்கு
ஒரு மஞ்சள் விளக்கை நான் மட்டும் பார்த்தேன்.
பழுதுபார்க்கப் படகு கேட்டு எழுதினேன்.
"அவசரமா?" என்று பதில் வந்தது.
கையெழுத்து: நீங்கள்.
ஒன்பதாம் நாள் தெற்கே
ஒரு பொக்லைன்.

அன்று இரவு தீவில் பேசிக்கொண்டவை
பதினொரு களஞ்சியக் கூரைகள் மட்டும்.
ஹெல்வேயும் பக்கத்துப் பண்ணைக்காரர்களும்
காசு போட்டு ஏற்றிய ரேடியோ வலை.
எல்லோரும் எல்லோரோடும் என்றால்
பதினொரு வீட்டுக்கு ஐம்பத்தைந்து இணைப்பு,
வெண்ணெய்த் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
சிரித்துவிட்டு
கண்ணுக்குத் தெரிந்த கூரைகளோடு மட்டும் கட்டினார்கள்.
பத்தொன்பது.
மெதுவு. பராமரிப்பு தலைவலி.
கோளாறு எங்கே என்று கேட்டால் பதினொரு பதில்.
வெளியுலகம் அதிலும் இல்லை அன்று.
ஆனால் ஈவால்டுக்கு இன்சுலின் தீர்ந்த சேதி,
இடையில் இரண்டு கூரை பனியில் புதைந்து கிடக்க,
ஏழு கூரை சுற்றி
மருந்து இருந்த ஒரு சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது.
டிராக்டர் வந்தது.

அதற்காக வலையே சிறந்தது என்று எழுத மாட்டேன்.
மீன் தொழிற்சாலைக்கு உள்ளே வலை விரித்தால்
மைமுவே சிரிப்பாள்.

நேற்றைய கூட்டத்தில்
சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தீர்கள்.
வோல்வோ சாவி, படகுக் கொட்டகைச் சாவி,
இடையில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு மூடி,
தேய்ந்து பித்தளை தெரிய.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கட்டத்தைக் காலியாகவே அனுப்புகிறேன்.
முனை இன்னும் திறந்திருக்கிறது, கௌபோ.
நீங்கள் கேட்ட "அவசரமா?"
திரும்பி வந்துகொண்டிருக்கிறது.