தட்டிப் பார்த்தல்

குத்தவைத்தால் காணாமல் போகும்.
எழுந்து பாதி நிமிர்ந்தால்
முழங்காலின் வெளிப்பக்கம்
புளியங்கொட்டை அளவில் வந்து உட்காரும்.
வேலைக்கு நான் உட்கார அது ஒளிய,
கூலிக்கு நான் எழ அதுவும் எழ,
ஒரு வருடம் போனது.

ஆனையூர், வில்லாபுரம், ஊமச்சிகுளம்.
மதுரையில் நான் மண்டியிடாத பக்கம் குறைவு.
சாமிக்கு அல்ல.
மோர்பியிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும்
இரண்டுக்கு இரண்டு தரைகளுக்கு.

கொழுப்புக்கட்டி என்றான் மெடிக்கல் ஷாப் பையன்.
வாயு என்றார் மேஸ்திரி.
செக்கானூரணியில் ஒருவர் ஊசியால் உறிஞ்சினார்;
பதினாறாம் நாள் திரும்பி வந்தது
கடன் கொடுத்தவன் மாதிரி.
காசியம்மா ஒன்றும் சொல்லவில்லை.
பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து
காப்பீட்டு அட்டையை எடுத்து வைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பியூலா
ஸ்கேன் படத்தை ஜன்னலில் பிடித்தார்.
"கட்டி பெரிய விஷயமில்ல, ஒச்சப்பன்.
உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கு.
அங்கருந்துதான் கசியுது.
கட்டிய மட்டும் எடுத்தா மறுபடி வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருப்பேன்:
ஓதம் பூத்த இடத்தில் பெயிண்ட் அடிக்காதீங்க சார்,
மேல பாத்ரூம்ல எந்தக் குழாய் ஒழுகுதுன்னு பாருங்க.
ஒருத்தரும் கேட்டதில்லை.
நான் கேட்டேன்.

முதுகில் ஒரு ஊசி.
இடுப்புக்குக் கீழே ஆள் இல்லை.
இரண்டே துளை,
எட்டாம் நம்பர் பிட் போட்ட மாதிரி.
தலையைத் திருப்பினால் திரையில் என் மூட்டு:
தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அறை.
எவன் பதித்ததோ,
எங்கும் ஒரு ஜாயின்ட் தெரியவில்லை.
ஓரமாக, தேங்காய்ப் பத்தை போல வளைந்த சவ்வு,
அதன் விளிம்பில்
நைந்த கைலி மாதிரி நூல் நூலாக.

சின்ன இடுக்கி ஒன்று வந்து
நைந்ததை மட்டும் கொறித்தது.
நல்ல பகுதியைத் தொடவே இல்லை.
எங்களில் அப்படி நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு;
ஒரு உடைந்த கல்லுக்காகப் பக்கத்து நாலையும் பெயர்ப்போம்.
பிறகு கசிந்த வழியிலேயே உள்ளே போய்த் திறக்க
மஞ்சளாக ஏதோ பிதுங்கியது,
நுங்குத் தண்ணீர் கெட்டியானால் இருக்குமே, அப்படி.
"இவ்வளவுதானா?" என்றேன்.
"இவ்வளவுதான்" என்றது முகமூடி.

சாயங்காலம் ராம்பிரவேஷ் போன் செய்தான்.
பரவையில் மூன்றாவது மாடி அவன்தான் போடுகிறான்.
என் ரசமட்டமும் அவனிடம்தான்.
குமிழி நடுவில நிக்குதாடா என்றேன்.
நிக்குது அண்ணா,
நீங்க எப்ப வருவீங்க என்றான்.
குத்தவைக்கிற வேலை கொஞ்ச நாளைக்கு வேண்டாமாம்.
கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு
டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை
வாக்கரைப் பிடித்து நடக்கச் சொன்னார்கள்.
டொக். டொக். டொக்.
கழிப்பறை வாசலில் நாலாவது கல்: டொப்.
நின்றுவிட்டேன்.
"வலிக்குதாண்ணே?" என்றாள் நர்ஸ்.
"இல்லம்மா. இதுக்கடியில கலவை இல்ல, காத்துதான் இருக்கு.
இன்னிக்கில்லாட்டியும் ஒருநாள் உடையும்."
அவள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.
நான் வாக்கரின் காலைத் தூக்கி
இன்னொரு முறை தட்டினேன்.