துண்டு

நாகப்பட்டினம் ஆட்சியர் அலுவலகம்,
இரண்டாம் மாடி. ஏசி ரிப்பேர்.
தண்ணீர் கேட்டு மேற்கே கடிதம் அடிக்கிற அதே கணினியில்
அன்று கடலுக்காகக் கிழக்கே.
எனக்குத் தெரிந்த ராஜதந்திரம் இவ்வளவுதான்:
‘வேண்டுகிறோம்’ என்றால் ஆடி போனாலும் வராது,
‘வலியுறுத்துகிறோம்’ என்றால் கோப்பு திரும்பி வரும்,
‘கோருகிறோம்’ என்று போட்டால்
யார் முகமும் சுருங்காது. தண்ணீரும் வராது.

அக்கரையிலிருந்து வந்த எமிலியாம்பிள்ளை
பாலிதீன் பையைப் பிரித்து மேசையில் வைத்தார்,
அறுபட்ட வலையில் ஒரு முழம்.
நஷ்டஈடு பற்றி அதற்குள் இரண்டு பக்கம் ஆகியிருந்தது.
“காசு கிடக்கட்டும்.
பிழை எண்டு ஒருக்காச் சொல்லட்டும்,
எங்கட சனத்துக்கு முன்னால.”

டெல்லி அதிகாரி என் பக்கம் குனிந்தார்:
பிழை வேண்டாம், வருத்தம் போடுங்கள்.
அரசு தவறு செய்வதில்லையாம்,
வருந்த மட்டும் செய்யலாமாம்.
கொழும்பு அதிகாரி அந்த வருத்தத்தையும்
தன் மொழியில் இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு
எல்லைக்கோடு என்ற சொல் எங்கே என்றார்.
அவருக்கு இது மீன் விஷயமே அல்ல,
செருப்போடு வீட்டுக்குள் வந்த விஷயம்.

அப்போதுதான் அக்கரைப்பேட்டை அஞ்சப்பன் எழுந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
தோளில் கிடந்த துண்டை எடுத்து
இடுப்பில் கட்டிக்கொண்டார்.

புழுக்கம் என்று நினைத்து டெல்லி
மின்விசிறியைக் கூட்டச் சொன்னது.
கதவோரம் நின்ற கொழும்புப் பாதுகாவலர்
ஓரடி முன்னால் வந்தார்.
எமிலியாம்பிள்ளை மட்டும் சட்டென்று
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
ஒருவன் தன்னை இறக்கிக்கொள்வதை
உற்றுப் பார்ப்பதும் அவமானம் என்பதுபோல.

என் விரல் நின்றுவிட்டது.
கீழ்வேளூர்ப் பக்கம் கூலிக்கு நட்டவர்கள் நாங்கள்.
அதே துண்டை அதே இடுப்பில் அப்பா கட்டியது
யாரையும் நோகடித்ததற்காக அல்ல,
மிராசுதார் வரப்பில் வந்ததற்காக.
எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை.
எழுந்து போய் அவிழ்த்துவிடத் தோன்றியது.
உட்கார்ந்தே இருந்தேன்.

கூட்டக் குறிப்பில் அந்த வரி இல்லை.
‘ஆக்கபூர்வமான சூழலில்’ என்று இருக்கிறது.
வலைத்துண்டுக்கு இணைப்பு எண் நான்கு.

படிக்கட்டில் எமிலியாம்பிள்ளை கேட்டார்:
“போட்டுக்கு எவ்வளவு கடன் கிடக்கு?”
“பதினெட்டு லட்சம். வட்டி தனி.”
“ம்.”

செவ்வாய்க்கிழமை இரவு
அஞ்சப்பனின் விசைப்படகு
மறுபடி அங்கேதான் போனது.