ஐந்தாவது குழாய்

டெரன்ஸ் ரகலின் அறையில் ஃபேன் போட முடியாது.
காற்றுப் பட்டால் சுடர் கோணும்.
கோணிய சுடரைக் கண்ணாடி மறக்காது.
டச்பார்க் கடல் கதவுக்கு வெளியே நிற்கிறது
உப்பை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு.

பத்து இலக்கமும் தகட்டில் வெட்டியவை,
நகத்தை விட மெல்லிசு.
ஒன்றையொன்று தொடாமல் நெருக்கி அடுக்க வேண்டும்,
எண்ணும் வரிசையில் அல்ல,
மறைக்காத வரிசையில்.
பம்பு இரண்டு நாள் இரைந்து இரைந்து
உள்ளிருக்கும் காற்றைக் குடிக்கும்.
நடுவில் கரண்ட் போனால்
முதலிலிருந்து.
மறுகா நியோன்,
ஒரு பூனையின் தும்மலிலும் குறைவு.

இம்முறை பத்தில் நாலு தப்பியது.
ஒன்று ஆறும்போது வெடித்தது.
ஒன்றில் ஏழு கறுத்துவிட்டது.
மிச்சமெல்லாம் ஏனென்று சொல்லாமலே அணைந்தன.

கணக்கு என் பாடு.
கண்ணாடி, தகடு, காஸ்,
கொழும்புத் துறைமுகத்தில் நியோன் போத்தல்
பதினெட்டு நாள் சும்மா கிடந்த வாடகை.
குழாய்க்கு நாலாயிரத்து முந்நூறு என்று வந்தது.
டெரன்ஸ் எட்டிப் பார்த்தான்.
"செத்த ஆறையும் ஆர் தலையில கட்டுறாய் கா?"
பத்தின் செலவை நாலால் பிரித்தேன்.
பத்தாயிரத்து எழுநூற்று ஐம்பது.
"உன்ர கைக்கு?"
தோளைக் குலுக்கினான்.
மூவாயிரத்து ஐந்நூறு என்று நானே எழுதினேன்,
அழிக்க முடியாதபடி பேனையால்.

ஒசாகாவிலிருந்து ஒருவர் எழுதினார்:
கிடங்கில் கிடந்த பழைய ருசியக் குழாய்
இதில் மூன்றிலொரு பங்குதானே?
உண்மைதான் ஐயா.
அவற்றைச் செய்தவர்களின் சம்பளத்தை
இப்போது இல்லாத ஒரு நாடு
எப்போதோ கொடுத்து முடித்துவிட்டது.
பதிலை இன்னும் அனுப்பவில்லை.

ஆதம்பாவா மீன்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு
செம்மஞ்சள் வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தார்.
"கேக்கிற ஒவ்வொருத்தனுக்கும் வாயால ஏன் விலை சொல்லுற?
அதிலயே எரிய விடுங்களன்."

நல்ல யோசனை.
நாலையும் பலகையில் குத்தினோம்.
பதினாலாயிரத்து இருநூற்று ஐம்பது:
ஐந்து இலக்கம்.
முன்னால் நிற்க வேண்டிய ஒன்றுக்குக் குழாய் இல்லை.
4250 என்று எரிந்தது,
வெறும் சாமான் காசுக்கும் ஐம்பது ரூபாய் குறைவாக.

"இந்த விலையெண்டா ரெண்டு எடுப்பன்" என்றார் ஆதம்பாவா.

டெரன்ஸ் சிரிக்கவில்லை.
புதுக் கண்ணாடியை எடுத்தான்.
கதவைச் சாத்தச் சொன்னான்.
சுடர் கொஞ்சம் ஆடி
நேரே நின்றது.