காற்றுக்குத் தனிக் கட்டணம்

தெப்பப் போட்டிக்கு இன்னும் பதினேழு நாள்.
ஆர்க்னியில் எங்கள் சின்னத் தீவின் பள்ளிக்கூடத்துக் கணினியில்
காப்பீட்டுப் படிவம் திறந்து கிடக்கிறது.

எத்தனை பேர் வருவார்கள்?
தீவில் இருநூற்றுப் பன்னிரண்டு. கப்பல் வந்தால் முந்நூறு.
விலங்குகள்? ஒரு மட்டக்குதிரை.
தற்காலிகக் கட்டுமானம்?
கூடாரம், என்கிறான் தார்ஃபின்.
மெரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
போன வருஷம் அது வேலி தாண்டிப் பறந்து
அவள் காளையின் மேல் உட்கார்ந்தது.
காளைக்கு ஒன்றுமில்லை.
எங்கள் கணக்கில்தான் நானூறு பவுண்டு ஓட்டை.

பொதுப் பொறுப்பு, எண்பத்தாறு.
காற்றால் ரத்தானால் பணம் திரும்ப, நூற்றுத் தொண்ணூறு.
கையிருப்பு நூற்று நாற்பது.

"காற்றுக்கே போடு, பாக்கியை நான் தருகிறேன்.
இங்கே யார் யார்மேல் வழக்குப் போடப்போகிறார்கள்?
காற்றுதான் வருஷம் தவறாமல் வருகிறது."
நியாயம்தான்.

மெரன் சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.
நான்கு எண்ணெய்ப் பீப்பாய், ஒரு பழைய கதவு;
அவள் மகன் கட்டும் தெப்பம்.
பதினொரு வயது.

கீழே உருட்டினேன். விதிவிலக்குகள்:
போர். அணுக்கசிவு.
நீரில் மிதக்கும் எதுவும்.

மூவரும் அந்த வரியை மறுபடி படித்தோம்.

மெரன் போனை எடுத்தாள்.
நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை.
பிறகு கிளாஸ்கோவிலிருந்து தூக்கக் கலக்கமாய் ஒரு குரல்:
தெப்பத்தைச் சேர்க்கலாம்,
எல்லாருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம்,
மேலும் ஐம்பத்திரண்டு.

மீதி இரண்டு பவுண்டு.
காற்றை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.
தார்ஃபின் ஒன்றும் பேசாமல்
கயிறு தேடிப் போனான்.