நண்டு வளை

வாரத்தில் ஒரு ராத்திரிதான் எங்கள் முறை.
முள்ளியாற்றுக் கடைமடையில்
தண்ணீரைக் கடிகாரம் பார்த்துத்தான் வாங்கணும்.
சனிக்கிழமை, பத்திலிருந்து நாலு மணிவரை.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.
எட்டாவது படிக்கிற நிலவரசனிடம்
டார்ச்சும் மண்வெட்டியும் கொடுத்து அனுப்பினேன்.

விடிந்து போய்ப் பார்த்தால்
எங்கள் வயலில் கணுக்கால்கூட நனையவில்லை.
பக்கத்து வைரக்கண்ணு வயலில்
கொக்கு இறங்கி நிற்கிறது.
வரப்புத் தகராறில் மூன்று வருஷமாய்
நான் முகம் பார்க்காத ஆள்.

"நண்டு வளையாடா?"
ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.
"இல்லப்பா, நாந்தான் வெட்டிவிட்டேன்.
அவங்க நாத்து மஞ்சளா இருந்துச்சு."

டீக்கடை வாசலில் வைத்துத் திட்டினேன்.
ஏமாளி என்றேன்.
ஊருக்கெல்லாம் படியளக்க
நீ என்ன பரமசிவனா என்றேன்.
நாலு பேர் சிரித்தார்கள்.
கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறைக்கு அவனாகவே போனான்.
வரப்பெல்லாம் நடந்து
கசிந்த இடத்தில் களிமண் அப்பி
விடிகாலை வந்து சேற்றுக் காலோடு நின்றான்.
"ஒரு சொட்டு விடலப்பா."

மத்தியானம்
முட்டையில் பாதியைத் தங்கச்சி தட்டில் வைக்கிறவன்
முழுசையும் தின்றான்.
தின்னட்டும், அவன் முட்டை.
எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.
விதைநெல்லை அவித்துவிட்டவன் மாதிரி
தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் முறைக்கு இரண்டு பேரும் போனோம்.
நிலா இல்லை. தவளைச் சத்தம்.
போர்வைக்குள் தூங்குகிறமாதிரி கிடந்தான்.
மண்வெட்டியை எடுத்து
வைரக்கண்ணு வரப்பில் மூன்று விரற்கடை
கீறிவிட்டேன்.
அதற்கு மேல் மனசு வரவில்லை,
பொய் சொல்வானேன்.
களுக் களுக்கென்று தண்ணீர் போனது.
ஒரு மணி நேரத்தில் அடைத்தும் விட்டேன்.

காலையில் வைரக்கண்ணு
வரப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
திரும்ப வரப்பைப் பார்த்தான்.
மூன்று வருஷத்தில் முதல் பேச்சு:
"ராத்திரி இந்தப் பக்கம் தண்ணி வந்திருக்கே?"

"நண்டு வளையா இருக்கும்" என்றேன்.

வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த பயல்
தலை நிமிரவில்லை.
தோள் மட்டும் குலுங்கியது.

இன்றைக்குச் சனி.
சாயங்காலமே டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிவிட்டு
முகத்தை ரொம்பச் சாதுவாய் வைத்துக்கொண்டு
கேட்கிறான்:
"அப்பா, இன்னைக்கும் நண்டு வருமா?"