தலைகீழ் ஜன்னல்

வாலாஜாவில் கல்யாண மேடைக்கு விளக்கு கட்டுகிறவர்
கடனுக்கு ஈடாக என் தலையில் கட்டியது இது.
பதினொரு கிலோ. மூக்கு நீண்ட ப்ரொஃபைல் லைட்.
அங்கே இருந்தவரை
மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும்
ஓர் இதயத்துக்குள் போட்டுத் தரையில் காட்டியது.
இங்கே, வேலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்,
‘எட்டு படம் எண்பது ரூபாய்’ என்று
தமிழில் ஒரு தடவையும் வங்காளத்தில் ஒரு தடவையும்
எழுதிய போர்டுக்குப் பின்னால்
கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.

அதன் தொண்டையில் ஒரு தட்டு செருகலாம்.
உள்ளங்கையளவு. கோபோ என்பார்கள்.
தட்டில் வெட்டியது சுவரில் விழும்.
முதலில் தோலில் வெட்டிப் பார்த்தோம்,
ராணிப்பேட்டை கம்பெனியில் இம்தியாஸ்
ஷூவின் முன்பக்கத்துக்குப் பூத்துளை போடுகிற அதே அச்சில்.
நாற்பது நொடி சுவரெல்லாம் பூ.
பிறகு புகை.
கீழே மருந்துக் கடைக்காரர்
வாளித் தண்ணீரோடு மாடியேறி வந்தார்.

அதிலிருந்து தகரம்தான்.
மூங்கில் இலை வெட்டினோம், கோட்டை மதில் வெட்டினோம்.
ஒருவரும் கேட்கவில்லை.
இந்தச் சந்துக்கு வருகிறவர்களுக்கு
வெள்ளைச் சுவர் போதும்,
காது இரண்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஷெஃபாலி மண்டல் கேட்டாள்.
வெள்ளிக்கிழமை அட்மிஷன். அதற்கு முன் ஒரு படம்.
அவளுக்கு அரை ஹிந்தி, எனக்குக் கால்.
ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பி
பேனாவால் ஒரு ஜன்னல் வரைந்தாள்.
ஐந்து கம்பி. கீழ்க்கட்டையில் ஒரு டம்ளர்.
இடமிருந்து நான்காவது கம்பி
நடுவில் வளைந்திருந்தது.
யார் வளைத்தது என்று கேட்குமளவுக்கு
எனக்கு ஹிந்தி வராது.

இம்தியாஸ் நல்ல வேலைக்காரன்.
வளைவைப் பிழையென்று எண்ணி நிமிர்த்தி வெட்டினான்.
சுவரைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.
“கோணலைக் கேக்கறாங்கக்கா” என்று
மறுபடி வெட்ட உட்கார்ந்தான்.

நேராகச் செருகினேன்.
ஜன்னல் தலைகீழ். டம்ளர் மேலிருந்து தொங்கியது,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
புரட்டிப் போட்டேன்.
டம்ளர் இறங்கியது,
வளைவு இரண்டாவது கம்பிக்கு ஓடிவிட்டது.
புரட்டக் கூடாது, சுழற்ற வேண்டும்.
மூன்று வருஷமாகத் தெரியும்,
கைக்கு மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

லென்ஸ் குழாயை இழுத்தால் கம்பிகள்
ஆற்றில் நிற்கிற மாதிரி நெளிகின்றன.
தள்ளினாலும் அப்படியே.
நடுவே ஒரு நூல் இடம்.
அங்கே எல்லாம் அரிவாள்முனை.

முகத்துக்கு வேறு விளக்கு.
அதை ஏற்றினால் ஜன்னல் வெளுக்கிறது,
இறக்கினால் முகம் போய்விடுகிறது.
கறுப்புத் துணி, காலண்டர் அட்டை, துணிக் கிளிப் நாலு,
இந்த வெளிச்சம் அந்தப் பக்கம் போகாதபடி
எல்லை கட்டினேன்.
சுவரிலிருந்து ஆறடி தள்ளிச் சாக்பீஸ் கோடு.
தாண்டக் கூடாது என்று கையால் சொன்னேன்.

அவள் கணவன் பரிமள்
ஸ்கேன் உறையை நெஞ்சோடு வைத்து ஓரமாக நின்றான்,
ஜன்னலைப் பார்த்து என்னவோ சொன்னான்.
அவள் சிரித்துவிட்டாள்.
பதினேழு படம். எல்லாமே நன்றாக இருந்தன.

பதினெட்டாவதுக்குள் எழுந்தாள்.
கோட்டைத் தாண்டிப் போனாள்.
கம்பிகள் அவள் முதுகில் ஏறின, புடவை மடிப்பில் உடைந்தன.
வளைந்த இடத்தில் கையை வைத்து
சாண் போட்டு அளந்தாள்.
ஒரு சின்னப் பிள்ளை நுழையலாம், அவ்வளவு இடைவெளி.
நான்காவது கம்பி அவள் விரல் முட்டிகளின் மேல்
இன்னொரு தடவை வளைந்தது.

அதைத்தான் பிரிண்ட் போடச் சொன்னாள்.
முகம் இல்லாததை. இரண்டு காப்பி.

டோக்கன் நேரமென்று இறங்கிப் போனார்கள்.
அடுத்தவர் குடியாத்தம், குவைத் விசா.
வெள்ளைச் சுவர். காது இரண்டும்.
விளக்கை அணைத்தேன்.
தட்டு ஆற இருபது நிமிஷமாகும்,
தொட முடியாது.
அதுவரை ஜன்னல் உள்ளேயே இருந்தது,
தலைகீழாக, கொதித்துக்கொண்டு.