மாதம் இரண்டு நாள்

படிவம் வந்திருக்கிறது:
'இப்பிரிவின் குறிப்பிடத்தக்க முன்னாள் வீரர்கள்.
ஆறு பேர். ஆளுக்கு நாற்பது சொல்.'
கட்டடத்தை மூடுகிறார்கள். புதிய இடத்துச் சுவரில்
ஆறு பித்தளைத் தகட்டுக்குத்தான் இடமாம்.
இது கல் நடும் ஊரில்லை,
திருகாணி முடுக்கும் ஊர்.

நான் பண்டகசாலை சார்ஜென்ட்.
வாரநாளில் தபால் போடுகிறவள்.
மாதம் இரண்டு நாள் மட்டும் மரைன்.
யார் வீரர் என்று எனக்குத் தெரியாது.
யாருக்கு என்ன கொடுத்தோம்,
எது திரும்பி வந்தது,
அது தெரியும்.

ஆகவே பேரேட்டைத் திறக்கிறேன்.

முதல் தகடு எல்லோரும் சொல்வதுதான்:
எமில் ராட்டியோ. பதக்கம். பிறகு மாவட்ட நீதிபதி.
போகும்போது பூட்ஸ் பத்தாம் அளவு.
கொரியாவிலிருந்து வந்தபின்
வலதுக்குப் பத்து, இடதுக்கு எட்டு.
இரண்டு ஜோடியைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
மிஞ்சிய ஒற்றைகள் இரண்டும் இன்னும் மேல்தட்டில்
யாருடைய காலுக்கோ காத்திருக்கின்றன.

ஆன்டன் ப்ரெஸ்னிக், ரொட்டிக்காரர்.
ஐம்பதாம் ஆண்டு ஆகஸ்டில் ரயிலேறச் சொன்னபோது
மாவு பிசைந்து மூடி வைத்திருந்தார்.
இரும்புத் தாது ஏற்றும் துறைமுகமே திரண்டு
பேண்டு வாசித்து அனுப்பிய நேரத்தில்
கடைக்குள் மாவு பொங்கித் தட்டு மீறி
மேசைக் காலில் வழிந்துகொண்டிருந்தது.
சமையல் பிரிவு கேட்டார். கொடுக்கவில்லை.
மார்ட்டர் கொடுத்தார்கள்.
நாற்பது சொல்லில் அந்த மாவு அடங்குமா தெரியவில்லை.

மூன்றாமவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.
அவர் மகள் என் தபால் வழியில் இருக்கிறாள்.

லெஸ்டர் கிங்பர்ட், ரேடியோ.
ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகைப் பதிவில் அவர் பெயருக்கெதிரே
ஒரே சொல்: 'அரிசி.'
ஏரியில் காட்டரிசி முற்றிவிட்டால்
படகும் இரண்டு கோலுமாகப் போய்விடுவார்.
முதல் தளபதி தண்டித்தார். அடுத்தவர் கண்டித்தார்.
அதற்கடுத்தவர் 'எனக்கும் ஒரு பை' என்று எழுதியிருக்கிறார்.
குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்த பகலிருட்டில்
வழி தவறிய நான்கு வண்டிகளைக்
குரலாலேயே கூட்டி வந்தவர்.
அதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.

டார்லின் ஓஸ்ட்பி.
குழு இன்னும் யோசிக்கிறது: பதக்கம் இல்லை,
உயிரோடு வேறு இருக்கிறாள்.
ஈராக்கில் ஏழு மாதம் லாரி.
இப்போது பள்ளிப் பேருந்து.
தினமும் கிளப்புமுன் வண்டியைச் சுற்றி வந்து
குனிந்து அடியில் பார்க்கிறாள்.
பிள்ளைகளுக்கு அது விளையாட்டு.
பனியில் முழங்காலிட்டு அவர்களும் பார்க்கிறார்கள்.
'ஒன்றுமில்லை!' என்று கத்துகிறார்கள்.
அதைக் கேட்டபிறகுதான் சாவியைத் திருப்புகிறாள்.

பிறகு ஒரு பெயர், யாரும் சொல்லாதது.
வெர்னன் டுஷெய்ன், பத்தொன்பது வயது.
பாக்கி: கம்பளிப் போர்வை ஒன்று.
எழுபத்துச் சொச்சம் ஆண்டாக
ஒரு புத்தகத்திலிருந்து மறு புத்தகத்துக்கு
சார்ஜென்ட் மாற்றி சார்ஜென்ட் கொண்டுவந்து எழுதிய பாக்கி.
தணிக்கையாளர்கள் சிவப்பில் சுழித்திருக்கிறார்கள்.
அடித்துவிடலாம் என்று நானும்தான் நினைத்தேன்.

பழைய புத்தகத்து ஓரத்தில், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, பென்சிலில்:
'ராட்டியோ வந்தார். டுஷெய்ன் போர்வைக்கு விலை கட்டினார்.
ரசீதோடு வாசல்வரை போனவர் திரும்பி வந்து
பணத்தைக் கேட்டு வாங்கிப் போனார்.
கணக்கை முடிக்கவேண்டாம் என்றார்.
என்மேல்தான் போர்த்தினான் என்றார்.'

இன்று எல்லாம் கணினிக்கு மாறுகிறது.
பெயரை ஏற்றுக்கொண்டது. போர்வையை ஏற்றுக்கொண்டது.
திருப்பித் தரவேண்டிய நாள் கேட்கிறது.
காலியாக விட்டால் கட்டம் சிவக்கிறது.
வெளியே ஏரி பாதி உறைந்து முனகுகிறது.

அடுத்த மாதப் பயிற்சிச் சனிக்கிழமையைப் போடுகிறேன்.
அன்று வந்து மறுபடி மாற்றவேண்டும்.